ஓரகத்தியும் இரண்டு வாதுமை மரங்களும்

என் ஓரகத்தியின் வாயில் தேன் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தேனே பிடிக்காமல் போய்விட்டது. அவர் போகிறபோக்கில் சொல்லவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மேலேயும் ஊற்றிவிட்டேன்.

எங்களுடையது சின்னத் தொழில். வீடுகளில் நிற்கும் மரங்களைக் கழித்துவிடுவோம், காய்ந்த கிளையை இறக்குவோம், வேண்டாத மரத்தை அடியோடு எடுப்போம். என் வீட்டுக்காரர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு மேலே ஏறுவார். அவருடைய தம்பி, என் கொழுந்தன், கீழே நின்று கயிறு பிடிப்பான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி வேலை பிடிப்பது நான். தொழில் தொடங்கிய நாளிலிருந்து நான்தான். கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனதும், "சின்னவளும் உன்கூட வந்து கத்துக்கட்டுமே" என்றார்கள். நானும் பெருந்தன்மையாகக் கூட்டிக்கொண்டு போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை அது.

கதவைத் தட்டுவது சும்மா இல்லை. மணியை ஒரு முறைதான் அடிக்க வேண்டும். அடித்ததும் ஒரு படி கீழே இறங்கி, இரண்டு கையும் வெளியே தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். நாய் குரைத்தால் நாயைப் பார்க்கக் கூடாது. கதவு ஒரு சாண் திறக்கும்போதே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். "உங்க மரத்துல ஒரு கிளை உள்ளே செத்துப்போயிருக்கும்மா. காத்தடிச்சா நேரா உங்க கூரை மேலதான்." நான் பயமுறுத்தி விற்பவள். பயந்தவர்கள் உடனே ஆளை வரச் சொல்வார்கள். பயப்படாதவர்கள் கதவைச் சாத்துவார்கள். இப்படித்தான் இந்தத் தெருக்களில் எனக்கு 'மரக்காரம்மா' என்று பெயர் வந்தது.

சின்னவள் என்ன செய்வாள் தெரியுமா? கதவு திறந்ததும் மரத்தைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். "எவ்வளவு அழகா வளர்த்திருக்கீங்க! இது வச்சது யாரு?" அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். மரம் எப்போது வைத்தது, யார் வேண்டாமென்றது, எந்த மழைக்குச் சாயப் பார்த்தது, எல்லாம் சொல்வார்கள். கடைசியில் அவள் ஒன்றும் கேட்காமலே, "கொஞ்சம் கழிச்சுவிட்டா நல்லாயிருக்கும்ல?" என்று அவர்களே கேட்பார்கள். நான் இரண்டு வீடு முடித்துவிட்டு வந்தால் அவள் அதே வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு இத்தனை வருஷத்தில் ஒருவரும் நாற்காலி போட்டதில்லை.

வயிறு எரியாதா? எரிந்தது. நன்றாக எரிந்தது. ஒருநாள் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா என்னைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து, "மரக்காரம்மா வரலையா?" என்று கேட்டாள். அந்தப் பெயர் எனக்குத் தெரியாமலே கைமாறியிருந்தது. நான் "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் அந்த அம்மா சின்னவளுக்காக மாத்திரை வாங்கி வைத்திருந்தாளாம்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய எரிச்சல்தான். பொறுக்க முடியாத ஒன்று வந்தது. நாங்கள் அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸைப் பார்த்து இப்போது ஆட்கள் போனில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டகையில் ஒருவர் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். "ரெண்டு பேர் தெருவுல சுத்துறது வீண். மாசக் கடைசியில பார்த்துக்கலாம். யாரு நல்லா வேலை பிடிக்கறாங்களோ அவங்க வெளிய, இன்னொருத்தர் உள்ளே" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லும்போது கொட்டகையின் தகரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அந்தக் கொட்டகையை நீங்கள் பார்த்ததில்லை. தகரக் கூரை. ஒரு பக்கம் கிளைகளை அரைத்துக் கொட்டிய மரத்தூள் குவியல், மழைக்கு ஊறி உள்ளுக்குள் சூடாகிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் ரம்பச் சங்கிலிகள், எண்ணெய் டப்பாக்கள். நடுவில் ஒரு நாற்காலி. சன்னல் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு பெட்டிக் கம்பெனியில் அட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் சன்னல் கிடையாது. மழை பெய்ததா என்பதே வீட்டுக்குப் போகும்போது தரையைப் பார்த்தால்தான் தெரியும். தெரு எனக்கு அப்புறம் கிடைத்தது. எந்த வீட்டு மணி வேலை செய்யாது, எந்த வாசலில் மதியம் நிழல் விழும், எந்த அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சன்னல் வழியே பார்ப்பாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. புருஷன், பிள்ளை எல்லாம் எல்லோருக்கும் இருக்கிறது. தெரு எனக்கு மட்டும் இருந்தது. அதைத்தான் அவள் கன்னத்தில் கை வைத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

மாசக் கடைசி நெருங்கியபோது தையல்காரம்மாவின் தெருவுக்குப் போனோம். வலப்பக்க வீடுகள் எனக்கு, இடப்பக்க வீடுகள் அவளுக்கு. தையல்காரம்மாவின் வீடு அவள் பக்கம் வந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு வாதுமை மரங்கள், இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே உயரம். நான் எதிர்வீட்டில் மணியை அடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். யாரும் திறக்கவில்லை. காது மட்டும் திறந்திருந்தது.

தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு வாசற்படியில் நின்று பேசினாள். "இடது பக்கம் இருக்கறத அடியோட எடுத்துடுங்க. தைக்க வர்றவங்க உட்கார அங்க ஒரு தகரம் போடணும். வலது பக்கம் இருக்கறது மேல கை வைக்காதீங்க. அதுலதான் காய் காய்க்கும். பேரப்பசங்க கல்லால தட்டித் தட்டித் திம்பாங்க."

"சரிம்மா. இடது போகுது, வலது இருக்குது" என்றாள் சின்னவள்.

எடுக்க வேண்டிய மரத்தில் சிவப்புத் துணி கட்டுவது எங்கள் வழக்கம். அடுத்த நாள் ஏறுபவர்கள் யாரையும் கேட்க மாட்டார்கள், துணியைத்தான் பார்ப்பார்கள். சின்னவள் பையிலிருந்து துணியை எடுத்து, வீட்டைப் பார்த்தபடி நின்று, தன் இடது கைப்பக்கம் இருந்த மரத்தில் கட்டினாள். அழகாக, பூ மாதிரி முடிச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல்காரம்மா தெருவைப் பார்த்து நின்றாள். அவளுடைய இடது, இவளுக்கு வலது அல்லவா? கதவு திறப்பவர்களுக்கும் தட்டுபவர்களுக்கும் இடம் வலம் மாறிப்போகும். இது நான் பட்டுக் கற்றது. அதனால்தான் நான் எப்போதும் திரும்பி நின்று, கதவைத் திறந்தவர் தோளோடு தோளாக வாசலைப் பார்த்து, "இந்தக் கைப்பக்கமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவேன். மணி அடிப்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், நாயைச் சொல்லிக் கொடுத்தேன். இதை மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்க நான் என்ன இளித்தவாயா?

உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. தேன் வாய்க்காரி தானாகப் போய்க் குழியில் விழுகிறாள், நான் தள்ளக்கூட இல்லை. எதிர்வீட்டில் இன்னொரு முறை மணியை அடித்தேன். ஒரு முறைதான் அடிக்க வேண்டும் என்ற என் சட்டத்தையே மறந்துவிட்டேன்.

சாயங்காலம் வரை அந்தச் சந்தோஷத்தைச் சப்பிக்கொண்டே இருந்தேன். வீட்டில் சின்னவள், "அக்கா, உங்க கால் வீங்கியிருக்கு. வெந்நீர் வைக்கட்டுமா?" என்றாள். "என் காலை நான் பார்த்துக்கறேன்" என்றேன். அப்புறமும் வைத்துக் கொண்டுவந்தாள். அவளுடைய கெட்ட குணமே இதுதான், கோபித்துக்கொள்ள விடமாட்டாள்.

காலை வெந்நீரில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் புத்தி வேலை செய்தது. நாளைக்கு மரம் மாறி விழுந்தால் தையல்காரம்மா யார் சட்டையைப் பிடிப்பாள்? மரத்தின் மேல் இருப்பவரைத்தான். அது என் வீட்டுக்காரர். தப்பு சின்னவளுடையது என்று எங்களுக்குள் தெரியும். தெருவுக்குத் தெரிவது, மரம் மாற்றி வெட்டுகிற கூட்டம் என்பதுதான். அப்புறம் எந்தக் கதவு திறக்கும், அவளுக்குத்தான் திறக்குமா, எனக்குத்தான் திறக்குமா? சின்னவளை அழைத்துச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால், "ஐயோ, நல்லவேளைக்கா!" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். திரும்பி நின்று பார்க்கிற வித்தையையும் கற்றுக்கொண்டுவிடுவாள்.

அதனால் காலையில் பால் வாங்கப் போகிறவளாக அந்தத் தெருவுக்குப் போனேன். தையல்காரம்மா வீட்டு விளக்கு இன்னும் எரியவில்லை. பூ முடிச்சை அவிழ்த்தேன், இழுத்தவுடன் வந்துவிட்டது. அந்தத் துணியை மற்ற மரத்தில் சுற்றி, என் வழக்கப்படி இறுக்கி முடிந்தேன். யாருக்கும் தெரியாது. யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். அவளுக்கு நான் மனதாரச் செய்த முதல் நல்ல காரியம் அது. பால் பாக்கெட்டோடு திரும்பி நடந்தபோது என்னைவிட உத்தமி இந்த உலகத்திலேயே இல்லை என்று தோன்றியது.

வேலை ஆரம்பித்தபோது தையல்காரம்மா தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நீங்க பாட்டுக்கு ஆரம்பிங்க, அதான் துணி கட்டியிருக்கே" என்று சொல்லி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் சிவப்புத் துணியைப் பார்த்து ஏறினார். கொழுந்தன் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டான். நான் பக்கத்து வீடுகளைத் தட்டப் போனேன். வேலை நடக்கிற தெருவில் ரம்பத்தின் சத்தமே பாதி வியாபாரத்தைச் செய்துவிடும், சத்தம் கேட்டு அவர்களே வெளியே வந்து நிற்பார்கள். மூன்றாவது வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது.

"ஐயய்யோ! நிறுத்துங்க! இறங்குங்கய்யா கீழே!"

தையல்காரம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரத்தின் ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டிருந்தது. பெரிய பெரிய இலைகளோடு கிளைகள் வாசல் முழுக்கக் கிடந்தன. என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார், முகமெல்லாம் மரத்தூள்.

"நான் இடது பக்கம்னுதானே சொன்னேன்! இது வலது!"

"இதானேம்மா இடது? உங்க வீட்டுப் படியில நின்னு பார்த்தா..." என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

"என் இடது யாருக்கு வேணும்? எதிர்ல நிக்கறவங்க இடதுதான் எனக்கு இடது. சட்டைக்கு அளவு எடுக்கறேன், இடது கைன்னா போட்டுக்கப் போறவங்க கையா, என் கையா? ஊருக்கே அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன். நேத்து அந்தப் பொண்ணு சரியாத்தான் கட்டுச்சு, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். யாரு மாத்தினது?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, என் குரங்கு பாதி மொட்டையாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஒன்றும் தெரியாத சின்னவள் சரியாகச் செய்திருக்கிறாள். எல்லாம் தெரிந்த நான் கெடுத்திருக்கிறேன்.

சின்னவள் அப்போதுதான் டீ ஃபிளாஸ்க்கோடு வந்து சேர்ந்தாள். மொட்டை மரத்தைப் பார்த்தாள். சிவப்புத் துணியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை. ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நான்தாம்மா மாத்தினேன். காலையில சந்தேகம் வந்துச்சு. உங்களைக் கேட்காம வந்து மாத்திக் கட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க."

கொழுந்தன் கயிற்றைப் போட்டுவிட்டுக் கத்தினான். "உனக்கு அறிவு இருக்கா? சரியா இருந்தத எதுக்குடி மாத்தின?" அவன் அவளை நடுத்தெருவில் அதட்டி நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "போதும். இனிமே இவ போன் எடுக்கட்டும். வாய் இருந்தா மட்டும் போதாது, அனுபவம் வேணும். தெருவை நீயே பார்த்துக்க" என்றார். 'நீயே' என்று சொன்னது என்னிடம். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. தெரு என்னுடையது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான்.

மூடிக்கொண்டுதான் நின்றேன். நம்புங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அதற்குள் தையல்காரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "சரி விடு, சின்னப் பொண்ணு. மறைக்காம சொல்லிட்டியே, அந்த மனசு போதும்" என்று அவள் தலையைத் தடவினாள். வேலியோரம் நின்ற பெண்கள், "பாவம்" என்றார்கள். தப்பே செய்யாமல் தலை தடவல் வாங்குகிறாள்! நல்லவள் என்ற பட்டமும் அவளுக்கேவா? நாளையிலிருந்து நான் தட்டுகிற ஒவ்வொரு கதவும் இவள் எனக்குப் போட்ட பிச்சையாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் இறங்கி நிற்கும்போது இவள் முகம் ஞாபகம் வரும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்கும் ஒரு ரோஷம் இருந்திருக்கும்.

"பொய் சொல்றா! கட்டினது நான்!" என்று கத்தினேன்.

"இல்லைங்க. அக்கா எனக்காகச் சொல்றாங்க."

"யாருடி உனக்காகச் சொன்னது? என் தப்பை நீ எப்படி எடுத்துக்குவ?"

"அக்கா, சும்மா இருங்க."

"நீ சும்மா இருடி! முடிச்சைப் பாருங்க எல்லாரும். அவ போடற முடிச்சா அது? கத்தி வச்சு அறுத்தாத்தான் வரும், அது என் முடிச்சு!"

"நான்தான் அப்படி இறுக்கிப் போட்டேன்!" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"உலகத்துல எல்லாரும் நான் செய்யலைன்னுதான் சண்டை போடுவாங்க" என்றாள் தையல்காரம்மா. "இதென்னம்மா கூத்து?"

என் வீட்டுக்காரர் மரத்திடம் போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு மூட்டைகளை அவிழ்க்க முடியாமல் எத்தனை நாள் திட்டியிருக்கிறார்! அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எதுக்கு மாத்தின?" என்றார்.

"அவ தப்பாக் கட்டிட்டான்னு நினைச்சேன்."

"எப்ப நினைச்ச?"

"நேத்து. அவ கட்டறப்பவே."

"அப்ப நேத்தே ஏன் சொல்லல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. தெருவில் நின்று சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அவர் கிளைகளை மிதிக்காமல் என் பக்கத்தில் வந்து நின்று, தணிந்த குரலில் கேட்டார். "அவளை மாட்டிவிடத்தான் மாத்தினியா?"

"இல்லீங்க. சத்தியமா இல்லீங்க."

அவர் நம்பவில்லை. கொழுந்தனும் நம்பவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். எத்தனையோ நாள் நான் பொறாமையில் செய்ததையெல்லாம் அக்கறை என்று நம்பினார்கள். பொறாமை இல்லாமல் செய்தது இது ஒன்றுதான். இதை யாரும் நம்பவில்லை, அவளைத் தவிர.

"அக்கா வேணும்னு செஞ்சிருக்கவே மாட்டாங்க" என்றாள் அவள். "எனக்குத் தெரியும்." அது மற்றவர்களுடைய சந்தேகத்தைவிட அதிகமாகச் சுட்டது.

மிச்ச மரம் தழைத்துவிடும், வருகிற மழைக்குத் துளிர்த்துவிடும் என்று என் வீட்டுக்காரர் தையல்காரம்மாவிடம் கையைக் கூப்பிச் சொன்னார். எடுக்க வேண்டிய மரத்தைக் கூலி இல்லாமல் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அப்புறம் என்னிடம் வந்து, கத்தாமல், களைப்பாகச் சொன்னார். "நாளையிலிருந்து நீ போன் எடு. தெருவுக்கு அவ போகட்டும்."

"சரி" என்றேன். தோளிலிருந்து பையைக் கழற்றினேன். அதன் வார் என் தோளில் ஒரு தழும்பே போட்டிருந்தது. சின்னவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். தையல்காரம்மா தண்ணீர் கொண்டுவர ஓடினாள். வேலியோரப் பெண்கள் உள்ளே வந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கொழுந்தன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "அழாதம்மா, அழாத" என்றார் என் வீட்டுக்காரர். நான் நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தேன். தெருவைப் பறிகொடுத்தவள் நான். அழுதிருக்க வேண்டியவளும் நான்தான். அதையும் அவளே அழுதுகொண்டிருந்தாள்.